கோதிக் ரொமான்டிசிசத்துக்குள்ள அடங்குதா, தனியா? ரியலிசம் வந்ததும் அது எங்க போச்சு?

மூன்றாம்பெஞ்ச்:

எம்.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷம். அசைன்மென்ட் ஒண்ணு குடுத்திருக்காங்க, "கோதிக் என்பது ரொமான்டிசிசத்தின் இருண்ட பக்கம், விவாதிக்க"னு. பார்க்க ஈஸியா இருக்கு, எழுத உக்காந்தா ஒண்ணும் ஓட மாட்டேங்குது.

கிளாஸ்ல போர்டுல போட்ட சார்ட் இதுதான். 1798ல வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் லிரிக்கல் பாலட்ஸ்னு கவிதைத் தொகுப்பு போட்டாங்க, உணர்ச்சி, கற்பனை, இயற்கைனு பாடின ரொமான்டிக் காலம் ஆரம்பம். 1832ல முடிஞ்சுது. அதுக்கு எதிர்ப்பா, சாதாரண வாழ்க்கையை உள்ளபடியே காட்டற ரியலிசம் வந்துச்சு. பேய், பாழடைஞ்ச கோட்டைனு பயமுறுத்தற கோதிக்குக்கு ரொமான்டிக் கட்டத்துக்குள்ளயே ஓரமா ஒரு குட்டிக் கட்டம். நானும் அப்படியே நோட்ல எழுதிக்கிட்டேன். ஆனா முதல் கோதிக் நாவல்னு எல்லா புக்லயும் சொல்ற ஹொரேஸ் வால்போலோட தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ வந்தது 1764 டிசம்பர்ல, அதாவது லிரிக்கல் பாலட்ஸுக்கு 34 வருஷம் முன்னாடி. அப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி புள்ள எப்படி வந்துச்சு?

அடுத்த தலைவலி எமிலி பிரான்டியோட வுதரிங் ஹைட்ஸ் நாவல். 1847. சார்ட் படி பார்த்தா ரியலிசம் காலம். ஆனா செத்துப்போன பொண்ணு ஜன்னலுக்கு வெளிய நின்னு உள்ள விடு உள்ள விடுனு அழுவுது. இதை எந்தக் கட்டத்துல போடறது? சார்கிட்ட கேட்டா "எல்லாம் கலந்ததுனு எழுது"னுட்டார். கலந்ததுனா எது எதோட எப்படி கலந்துச்சு, அதுதானே கேள்வியே.

படிச்சவங்க யாராச்சும் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. லிங்க் போட்டுட்டு ஓடிடாதீங்க ப்ளீஸ்.

தூசிதட்டி:

சார்ட்டை கிழிச்சுப் போட வேணாம், மார்க் வேணுமில்ல. ஆனா அதுல ரெண்டு அம்புக்குறியோட திசை தப்பு.

கோதிக்தான் மூத்தது, அதுல சந்தேகமே வேணாம். 1790கள்ல இங்கிலாந்துல நாவல்னாலே பழைய கோட்டை, சுரங்கப்பாதை, கொடுமைக்கார பிரபுனு ஓடிக்கிட்டிருந்த மாதிரி ஒரு அலை, லண்டன்ல வில்லியம் லேன் நடத்துன மினெர்வா பிரஸ் இதுக்குன்னே பேர் போனது, வாடகை நூலகங்கள் மூலமா வீடு வீடா போச்சு. கோதிக் நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃபுக்கு 1794ல தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோவுக்கு 500 பவுண்டு குடுத்தாங்க, மூணு வருஷம் கழிச்சு தி இட்டாலியனுக்கு 800. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. இந்தக் கூட்டத்துக்கு நடுவுலதான் ரொமான்டிக் கவிஞர்கள் வர்றாங்க, வந்து முதல்ல செஞ்ச காரியம் கோதிக்கை திட்டுனது. 1797ல மேத்யூ லூயிஸோட தி மங்க் நாவலுக்கு கோல்ரிட்ஜ் விமர்சனம் எழுதறார், இதை தன் பிள்ளைங்க கையில பார்த்தா ஒரு தகப்பன் முகம் வெளுத்துப் போகும்னு. 1800ல லிரிக்கல் பாலட்ஸ் ரெண்டாம் பதிப்பு முன்னுரையில வேர்ட்ஸ்வொர்த் இன்னும் ஒரு படி மேல, வெறிபிடிச்ச நாவல்களாலயும் ஜெர்மன் நாடகங்களாலயும் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படிக்க ஆளில்லாம போச்சுங்கறார். காரணமும் சொல்றார் பாருங்க, ஜனங்க நகரத்துல குவியறாங்க, ஒரே மாதிரி வேலையை நாள் பூரா செய்யறாங்க, அதனால ஏதாவது பரபரப்பா நடக்கணும்னு ஏங்கறாங்கனு. இன்னிக்கு போன் பத்தி எழுதுனாலும் அப்படியே பொருந்தும், அது வேற கதை.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். லிரிக்கல் பாலட்ஸுக்கு வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் வேலையை எப்படி பிரிச்சுக்கிட்டாங்கனு 1817ல கோல்ரிட்ஜே எழுதி வச்சிருக்கார். அமானுஷ்யமான விஷயத்தை நம்பற மாதிரி எழுதறது கோல்ரிட்ஜ் பங்கு. தினசரி கண்ணுல படற சாதாரண மனுஷனை புதுசா தெரியற மாதிரி எழுதறது வேர்ட்ஸ்வொர்த் பங்கு. அதாவது கோதிக்குக்கு போற பாதையும் ரியலிசத்துக்கு போற பாதையும் ஒரே புத்தகத்துக்குள்ள ஒரே அட்டைக்குக் கீழ இருக்கு. ரொம்ப நாள் ஒத்துமையாவும் இல்ல. 1798ல புத்தகத்தோட முதல் கவிதை கோல்ரிட்ஜோட ஏன்ஷியன்ட் மரைனர். 1800 பதிப்புல வேர்ட்ஸ்வொர்த் அதை முதல் வால்யூமோட கடைசிப் பக்கமா தள்ளி, இதுல பெரிய குறைகள் இருக்குனு ஒரு குறிப்பும் சேர்த்துட்டார். அதே பதிப்புக்காக கோல்ரிட்ஜ் எழுதிக்கிட்டிருந்த கிறிஸ்டபெல், நடுராத்திரி, காடு, கோட்டை, யாருன்னே தெரியாத ஒரு அழகி, சுத்தமான கோதிக், அதை மொத்தமா எடுத்துட்டாங்க. காலியான இடத்துக்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதுனது மைக்கேல். ஒரு கிழட்டு மேய்ப்பன், அண்ணன் தம்பி மகனுக்கு ஜாமீன் நின்னு மாட்டிக்கிட்டு, நிலத்தை விக்காம இருக்க ஒரே மகனை டவுனுக்கு அனுப்பறான், மகன் கெட்டுப் போறான், கிழவன் மகனோட சேர்ந்து கட்ட ஆரம்பிச்ச ஆட்டுப்பட்டிக்கு தினம் போய் உக்காந்திருக்கான், பல நாள் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்காமலே திரும்பி வர்றான். அவ்வளவுதான் கவிதை. பேய் இல்ல, பிசாசு இல்ல.

அங்கருந்து ரெண்டு கோடு போட்டுப் பாருங்க. வெளிய தள்ளப்பட்ட கிறிஸ்டபெல் கவிஞர் பைரன் தூண்டுதல்ல 1816 மே மாசம் அச்சுக்கு வருது. அடுத்த மாசம் ஜெனீவா ஏரிக்கரையில வில்லா டியோடாட்டில பைரன் அதை ராத்திரி மனப்பாடமா சொல்றார், கேட்ட ஷெல்லி அலறிக்கிட்டு ரூமை விட்டு ஓடறார், பைரனோட டாக்டர் பொலிடோரி மூஞ்சில தண்ணி தெளிச்சு உக்கார வைக்கறார், இது அவரோட டைரிலயே இருக்கு. அந்த வீட்டு பேய்க்கதை போட்டியிலருந்துதான் மேரி ஷெல்லியோட ஃபிராங்கன்ஸ்டைனும் பொலிடோரியோட வேம்பயரும். இன்னொரு கோடு, மைக்கேல். 1861ல ஜார்ஜ் எலியட் சைலஸ் மார்னர் போடும்போது முகப்புல வச்ச வரிகள் எங்கருந்து எடுத்தது? மைக்கேல்லருந்து. ரெண்டு வருஷம் முன்னாடி ஆடம் பீட் முகப்புலயும் வேர்ட்ஸ்வொர்த்தான். ரியலிசம் ரொமான்டிசிசத்தை எதிர்த்து வந்துச்சுன்னா, இங்கிலாந்தோட பெரிய ரியலிஸ்ட் ஏன் தன் முதல் நாவலோட வாசல்லயே வேர்ட்ஸ்வொர்த்தை நிக்க வைக்கணும்?

அதனால "இருண்ட பக்கம்"கற வார்த்தையை அப்படியே ஒத்துக்காதீங்க. ரொமான்டிக் கவிஞர்கள் கோதிக்கை பகல்ல திட்டிட்டு ராத்திரி படிச்சவங்க. ஷெல்லி பள்ளிக்கூட வயசுலயே சாஸ்ட்ரோசினு ஒரு கோதிக் நாவல் எழுதி 1810ல அச்சு போட்டாச்சு, படிச்சுப் பார்த்தா சிரிப்பு வரும், அவ்வளவு மோசம்.

ராக்கோழி:

மேல சொன்னது நல்லா இருக்கு, அந்த கிறிஸ்டபெல் மைக்கேல் இடமாத்தம் அசைன்மென்ட்டுக்கு தங்கம். ஆனா ஒரு இடத்துல சண்டை போடணும். கோதிக்னா என்னமோ கவிஞர்களுக்கு மூலப்பொருள் சப்ளை பண்ண குடோன் மாதிரி பேசறீங்க. ராட்கிளிஃபை திறந்து பாருங்க சார், பேயை விட மலைதான் அதிகம். ஆல்ப்ஸ், பைன் காடு, சாயங்கால வெளிச்சம்னு பக்கம் பக்கமா. 1757ல எட்மண்ட் பர்க் சப்ளைம் பத்தி எழுதுன புத்தகம், அதாவது பெருசா இருக்கறதும் இருட்டா இருக்கறதும் பயத்தோட சேர்த்து ஒரு பரவசத்தையும் குடுக்கும்ங்கற தியரி, அது ராட்கிளிஃபுக்கும் சொத்து, வேர்ட்ஸ்வொர்த்துக்கும் சொத்து. யாரும் யார்கிட்டயும் திருடல. இதுல வேடிக்கை, உடால்ஃபோ எழுதும்போது அந்தம்மா இத்தாலி பக்கமே போனதில்ல, எல்லாம் படத்தைப் பார்த்தும் பயண நூல் படிச்சும் எழுதுனது.

அப்புறம் ரியலிசத்துக்கு ஒரு பாதை கோதிக்குக்குள்ளருந்தே போகுது, அதை மேல யாரும் சொல்லல. உடால்ஃபோ கோட்டையில கதாநாயகி எமிலி ஒரு கருப்புத் திரையை விலக்கிப் பார்க்கறா, பார்த்த உடனே மயங்கி விழறா. என்ன பார்த்தானு ராட்கிளிஃப் சொல்ல மாட்டாங்க. நூத்துக்கணக்கான பக்கம் நம்மளை தவிக்க விட்டு, கிட்டத்தட்ட நாவல் முடியற நேரத்துல போறபோக்குல சொல்லுவாங்க, அது பிணமே இல்ல, மெழுகுல செஞ்ச உருவம், அழுகி புழு அரிக்கற மாதிரி செஞ்சு வச்சது, அந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கு தினமும் அதைப் பார்க்கணும்னு பிராயச்சித்தமா விதிச்சதுனு. ராட்கிளிஃபோட பேய் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான், கடைசியில ஒரு காரணம் இருக்கும். முதல்ல பயப்படு, அப்புறம் விசாரி. இது பாதி ரியலிஸ்ட் மூளை இல்லையா?

இதைத்தான் ஜேன் ஆஸ்டின் நார்த்தேங்கர் ஆபில பிடிச்சாங்க. கதாநாயகி கேதரின், விருந்தாளியா போன வீட்டுல, ராத்திரி புயல்ல பழைய அலமாரியைத் திறக்கறா, சுருட்டி வச்ச காகிதம் கிடைக்குது, அந்த நேரம் பார்த்து மெழுகுவத்தி அணைஞ்சுடுது, விடிய விடிய நடுங்கிட்டு காலைல பார்த்தா சலவைக்கணக்கு. சட்டை, காலுறைனு லிஸ்ட். எல்லாரும் இந்த சீனோட நிறுத்திட்டு "ஆஸ்டின் கோதிக்கை கிண்டல் பண்ணாங்க"னு எழுதிட்டு போயிடுவாங்க, நீங்க அப்படி எழுதாதீங்க. மிச்சத்தையும் படிங்க. அந்த வீட்டுக்காரர் ஜெனரல் டில்னி பொண்டாட்டியைக் கொன்னிருப்பானு கேதரின் சந்தேகப்படறா, கொல்லல. ஆனா இந்தப் பொண்ணு தான் நினைச்ச அளவு பணக்காரி இல்லனு தெரிஞ்ச உடனே அதே ஆள் அவளை ஞாயித்துக்கிழமை விடிகாலைல துணைக்கு ஒரு வேலைக்காரன்கூட அனுப்பாம வீட்டை விட்டு கிளப்பறார். வழிச்செலவுக்கு கையில காசு இருக்கானுகூட யோசிக்கல. எழுபது மைல் பயணம். வில்லன் இருக்கான், கேதரின் தேடுன இடத்துல இல்ல, அவ்வளவுதான். உடால்ஃபோவோட வில்லன் மான்டோனி எமிலியை அடைச்சு வைக்கறதும் அவ பேருல இருக்கற எஸ்டேட்டுக்கு கையெழுத்து வாங்கத்தான். ஆஸ்டின் கோட்டையை எடுத்துட்டாங்க, நோக்கத்தை விட்டுட்டாங்க.

இதுவும் 1798, 1799ல எழுதுன நாவல். 1803ல ஒரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கி போடாமலே வச்சிருந்தார், 1816ல அதே 10 பவுண்டு குடுத்து திருப்பி வாங்கி, ஆஸ்டின் செத்த பிறகு 1817 கடைசியிலதான் வெளிவந்துச்சு. அதாவது லிரிக்கல் பாலட்ஸ், கோதிக் அலை, அதுக்கு ரியலிஸ்ட் பதில் மூணும் ஒரே சமயத்துல எழுதப்பட்டது. உங்க சார்ட்ல இதுக்கு இடமே இல்ல.

வரப்புச்சண்டை:

ராக்கோழி அக்கா கடைசியா சொன்ன பாயின்ட்லருந்து தொடர்றேன், ஏன்னா என் பேர்லயே இருக்கு. கோதிக்ல பேய் எல்லாம் மேல் பூச்சு, உள்ள ஓடறது சொத்து வழக்கு. ஒட்ரான்டோவே எடுங்க, கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை கான்ராட் மேல வானத்துலருந்து ஒரு ராட்சத தலைக்கவசம் விழுந்து நசுக்கிடுது, உடனே அப்பன் மான்ஃப்ரெட் அழறானா? இல்ல, வாரிசு போச்சே, மருமகளா வந்தவளை நானே கட்டிக்கறேன்னு நிக்கறான். ஏன்னா அந்த அரண்மனை அவன் குடும்பம் அபகரிச்சது. ஆவி வர்றது உரிமைக்காரன் சார்பா.

இப்ப உங்க வுதரிங் ஹைட்ஸ். நாவலோட முதல் சொல்லே 1801ங்கற வருஷம். குடித்தனக்காரன் வீட்டுக்காரனைப் பார்த்துட்டு வர்றதுல கதை ஆரம்பிக்குது. அந்த வீட்டுக்காரன் ஹீத்கிளிஃப் எப்படி ரெண்டு வீட்டையும் பிடிச்சான்னு கவனிச்சிருக்கீங்களா? மந்திரம் கிடையாது. தன்னை எடுத்து வளர்த்த வீட்டு மகன் ஹிண்ட்லிக்கு சூதாட கடன் குடுத்து நிலத்தை அங்குலம் அங்குலமா அடமானம் வாங்கறான், ஹிண்ட்லி குடிச்சே செத்ததும் வீடு கைக்கு வருது. அடுத்த வீட்டுக்கு, சாகப்போற தன் மகன் லின்டனை எட்கரோட மக கேதிக்கு பலவந்தமா கட்டி வைக்கறான். மகன் சாகறதுக்கு முன்னாடி உயில் எழுதி வாங்கறான். அந்த இடத்துல வேலைக்காரி நெல்லி சொல்றதைப் பாருங்க, பையன் மைனருங்கறதால நிலத்தை உயில்ல எழுத முடியாது, ஆனாலும் ஹீத்கிளிஃப் அதை தன் மனைவி வழி உரிமையிலயும் தன் உரிமையிலயும் பிடிச்சு வச்சிருக்கான், சட்டப்படிதான்னு நினைக்கறேன், எப்படி இருந்தாலும் கேதி கையில காசும் இல்ல ஆளும் இல்ல, அவளால ஒண்ணும் செய்ய முடியாதுனு. பேய்க்கதை எழுதறவங்க மைனர் உயில்ல நிலத்தை எழுத முடியாதுங்கற வரைக்கும் யோசிப்பாங்களா? 1926ல சி.பி. சாங்கர்னு ஒரு வக்கீல் இந்த நாவலோட தேதிகளையும் சொத்துச் சட்டத்தையும் உக்காந்து சரிபார்த்து கட்டுரை எழுதினார், எமிலி பிரான்டி இதுல ரொம்ப கவனமா இருந்திருக்காங்கனு காட்டினார்.

அந்த ஜன்னல் சீனுக்கு வருவோம். லாக்வுட், அதான் அந்தக் குடித்தனக்காரன், கனவுல கையை நீட்டறான், குளிர்ந்த குட்டிக் கை ஒண்ணு பிடிச்சுக்குது, விட மாட்டேங்குது. இவன் என்ன பண்றான்? அந்த மணிக்கட்டை உடைஞ்ச கண்ணாடி மேல வச்சு இப்படியும் அப்படியும் தேய்க்கறான், ரத்தம் வழிஞ்சு படுக்கை நனையற வரைக்கும். இது செய்யறது ஹீத்கிளிஃப் இல்ல, படிச்ச, நாசூக்கான, வெளியூர்க்காரன். நம்ம பிரதிநிதி அவன். பேய் கொடூரமா இல்ல, பேயைப் பார்த்த சராசரி ஆள் கொடூரமா இருக்கான். ரொமான்டிக், கோதிக், ரியலிஸ்ட்னு பிரிக்கணும்னா இந்த ஒரு பாராவையே மூணா வெட்டணும், வெட்ட முடியாது.

என் கணக்கு, வுதரிங் ஹைட்ஸ்ல ஆசை ரொமான்டிக், வீடு கோதிக், கணக்குப் புத்தகம் ரியலிசம். சார் கேட்டா "கலந்தது"க்கு பதிலா இதை எழுதுங்க.

தூசிதட்டி:

வரப்பு சொன்னதுக்கு ஒரு வரி. மைக்கேல்லயும் கதை ஜாமீன்லதான் ஆரம்பிக்குது, நிலம் கடைசியில வேத்து ஆள் கைக்கு போகுது. 1801 ஜனவரியில வேர்ட்ஸ்வொர்த் அந்தப் புத்தகத்தை சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுங்கற அரசியல்வாதிக்கு அனுப்பி, சிறு நிலக்காரங்க அழிஞ்சுக்கிட்டிருக்காங்க, இந்தக் கவிதையைப் படிங்கனு கடிதமே எழுதினார். அப்ப ரெண்டு கோடும் தொடங்கற இடம் அடமானப் பத்திரம்தான் போல.

அரைக்கண்ணாடி:

இங்கிலாந்தை விட்டு யாருமே வெளிய வர மாட்டீங்களா? ரியலிசம்ங்கற கொடியை நிஜமா தூக்குனது பிரான்ஸ். 1855ல பாரிஸ் உலகக் கண்காட்சியில தன் பெரிய படங்களை எடுக்கலனு ஓவியர் கூர்பே பக்கத்துலயே சொந்தமா கொட்டகை போட்டு வாசல்ல ரியலிசம்னு எழுதி வச்சார். எதிர்ப்புனு பார்த்தா அங்கதான் எதிர்ப்பு தெளிவா தெரியும், ஆனா அங்கயும் உள்ள போனா குழப்பம்தான்.

ஸ்டெந்தால் ரொமான்டிசிசத்துக்கு வக்காலத்து வாங்கி 1823ல புத்தகம் எழுதின ஆள். 1830 பிப்ரவரியில விக்டர் ஹியூகோவோட ஹெர்னானி நாடகத்துக்கு தியேட்டர்ல பழசுக்கும் புதுசுக்கும் அடிதடி, அதே வருஷக் கடைசியில ஸ்டெந்தாலோட தி ரெட் அண்ட் தி பிளாக் வருது, கிரெனோபிள்ல நடந்த நிஜ கொலை முயற்சி வழக்கு ஒண்ணை வச்சு எழுதினது. கடைசியில என்ன நடக்குது? மத்தில்டு தன் காதலனோட வெட்டின தலையை மடியில வச்சுக்கிட்டு வண்டியில போறா. ரியலிசத்தோட தொடக்கம்னு பாடம் நடத்தற நாவல் முடியற விதம் இது.

பால்சாக் இன்னும் மோசம். மாட்டுரின்னு ஒரு ஐரிஷ் பாதிரியார் 1820ல மெல்மாத் தி வாண்டரர்னு எழுதினார், சாத்தானோட ஒப்பந்தம் போட்டவன் அதை ஏத்துக்க வேற ஆள் தேடி நூத்தைம்பது வருஷம் அலையறான், யாருமே ஒத்துக்க மாட்டாங்க. பெரிய சோகக் காவியம். 1835ல பால்சாக் அதுக்கு ஒரு தொடர்ச்சி எழுதறார், மெல்மாத் பாரிஸுக்கு வர்றான், உடனே ஆள் கிடைச்சுடுது, பேங்க்ல பண மோசடி பண்ணிட்டு ஓடப் பார்க்கற ஒரு கேஷியர். அவன் அதை ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ல விக்கறான், வாங்கினவன் இன்னொருத்தனுக்கு தள்றான், கைமாற கைமாற விலை இறங்கிக்கிட்டே போகுது. மாட்டுரின் கதையில ஒருத்தரும் விக்காத ஆன்மா இங்க பங்குச்சந்தையில பேரம் பேசற சரக்கு. பெரே கோரியோ புத்தகமா வந்ததும் அதே வருஷம்தான். அந்த விடுதி சுவத்துல ஒட்டின எண்ணெய்ப் பிசுக்கு வரைக்கும் வர்ணிச்ச கைதான் இந்த சாத்தான் கதையையும் எழுதுச்சு, ரெண்டுக்கும் நடுவுல அவருக்கு சுவரே கிடையாது.

சுவர் இருக்கறது ஃப்ளோபேர்ட்டுக்கு. மடாம் போவாரி முழுக்க ரொமான்டிக் நாவல் படிச்சு கெட்டுப்போன ஒரு மனசைப் பத்தினது, கான்வென்ட்ல திருட்டுத்தனமா படிச்ச கதைகள், வால்டர் ஸ்காட், கோட்டை, குதிரையில வர்ற வீரன். 1857ல கேஸ் போட்டாங்க, விடுதலை ஆனார். இங்க தான் "எதிர்ப்பு"ங்கற சொல் பொருந்தும். ஆனா எதிர்ப்பு யார் மேல? அவர் மேலயே. அதுக்கு முன்னாடி செயின்ட் அந்தோணியோட சோதனைகள்னு பேய்களும் மாயத்தோற்றங்களுமா ஒண்ணு எழுதி 1849ல ரெண்டு நண்பர்களை உக்கார வச்சு நாள் கணக்கா படிச்சுக் காட்டினார், அவங்க இதை நெருப்புல போடுனு சொன்னதா அதுல ஒருத்தரான டு காம்ப் எழுதி வச்சிருக்கார். போடல. போவாரிக்கு அப்புறமும் அதைத் திருத்தித் திருத்தி 1874ல வெளியிட்டார். விட முடியல மனுஷனால.

கடைசியா சோலாவோட தெரேஸ் ரக்கேன், 1867, இதை கண்டிப்பா படிங்க, குட்டி நாவல். தெரேஸும் காதலன் லாரனும் சேர்ந்து புருஷனை ஆத்துல தள்ளிக் கொல்றாங்க, அவன் முழுகும்போது லாரன் கழுத்துல கடிச்சுட்டு சாகறான். அப்புறம் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கறாங்க, படுத்தா நடுவுல ஈரமா குளிரா அந்தப் பிணம் படுத்திருக்கு. கழுத்துல அந்தக் கடித்தழும்பு ஆறவே மாட்டேங்குது, எரியுது. ராட்கிளிஃப் எழுதினதை விட பயங்கரம். ஆனா ரெண்டாம் பதிப்பு முன்னுரையில சோலா என்ன சொல்றார், டாக்டர் பிணத்தை அறுத்துப் பார்க்கற மாதிரி நான் ரெண்டு உசுரோட இருக்கற உடம்பை ஆராய்ஞ்சேன், எல்லாம் நரம்பு சமாச்சாரம்னு. பேய்க்கு காரணம் சொன்ன ராட்கிளிஃபோட வழிதான் இது, மெழுகு பொம்மைக்கு பதில் நரம்பு.

மூன்றாம்பெஞ்ச்:

யப்பா. அசைன்மென்ட் 1500 வார்த்தைதான், நீங்க போட்டதே அதைத் தாண்டிடுச்சு. எல்லாருக்கும் நன்றி. வரப்பு அண்ணாவோட சொத்து ஆங்கிள் பிடிச்சிருக்கு, ஆனா ஒரு டவுட். இப்படிப் போனா எல்லா ரியலிஸ்ட் நாவலும் கோதிக்னு ஆயிடாதா? டிக்கன்ஸ் சரி, கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்ல மிஸ் ஹாவிஷம் ஒன்பதுக்கு இருபது நிமிஷம்னு எல்லா கடிகாரத்தையும் நிறுத்திட்டு கல்யாணச் சேலையோட, சாரி, கவுனோட உக்காந்திருக்கறது ஓகே. ஜார்ஜ் எலியட்டோட மிடில்மார்ச் மாதிரி நாவலுக்கு என்ன சொல்வீங்க? அதுல பேயும் இல்ல, பாழடைஞ்ச வீடும் இல்லையே.

வரப்புச்சண்டை:

மிடில்மார்ச்ல ஐந்தாம் பகுதிக்கு தலைப்பு என்னனு பாருங்க தம்பி. செத்தவன் கை, அதான் தலைப்பு. டொரோதியாவோட புருஷன் கசாபன் செத்துப்போறார், உயில்ல ஒரு பின்சேர்க்கை எழுதி வச்சுட்டு போறார், டொரோதியா லாடிஸ்லாவைக் கட்டிக்கிட்டா சொத்து கிடையாதுனு. கல்லறையிலருந்து கை நீட்டி பொண்டாட்டியைப் பிடிக்கறதுக்கு அவருக்கு ஆவியா வர வேண்டிய அவசியமே இல்ல, ஒரு வக்கீலும் ரெண்டு சாட்சியும் போதும்.

ராக்கோழி:

அருமையான உதாரணம், ஆனாலும் எல்லாத்தையும் சொத்துல கொண்டு போய் கட்டாதீங்கப்பா. தம்பி கேட்டது நியாயமான கேள்வி. செத்தவன் கைங்கறது கோதிக்லருந்து வந்த உருவம்தான், ஆனா மிடில்மார்ச் படிச்சு யாரும் ராத்திரி பாத்ரூம் போக பயப்பட மாட்டாங்க. பயம்னு ஒண்ணு வேணும். வுதரிங் ஹைட்ஸ் கடைசியில ஆடு மேய்க்கற சின்னப் பையன் அழுதுக்கிட்டு நிக்கறான், அந்தப் பக்கம் ஹீத்கிளிஃபும் ஒரு பொம்பளையும் நிக்கறாங்க, நான் போக மாட்டேன்னு. நெல்லி என்ன சொல்றா? எல்லாம் கட்டுக்கதை, ஆனா எனக்கு இப்பல்லாம் இருட்டுல வெளிய போக பிடிக்கலனு. கணக்குப் புத்தகத்தை மூடின அப்புறமும் அது மிச்சம் இருக்கே. எந்த அடமானப் பத்திரத்துலயும் அதுக்கு பதில் இல்ல.

ஜார்ஜ் எலியட்டுக்கும் அந்த அரிப்பு இருந்துச்சு. ஆடம் பீட் வந்த அதே 1859ல தி லிஃப்டட் வெய்ல்னு ஒரு நீள்கதை, எதிர்காலம் தெரியற ஒருத்தன், செத்த பொம்பளைக்கு ரத்தம் ஏத்தினதும் கண்ணைத் திறந்து ரகசியத்தை சொல்றா. ரியலிசத்துக்கு டச்சு ஓவியங்களை உதாரணம் காட்டி ஆடம் பீட்ல ஒரு அத்தியாயமே எழுதின அம்மா இதையும் எழுதினாங்க. அதனால தம்பி, "கோதிக் ரியலிசமா மாறிடுச்சு"னு எழுதாதீங்க. ஒரு பகுதி உள்ள போச்சு, உயிலா, கடனா, கோர்ட்டா. ஒரு பகுதி தனியாவே சுத்திக்கிட்டிருந்துச்சு.

தூசிதட்டி:

டிக்கன்ஸுக்கு ஒரு விஷயம் விட்டுப் போச்சு, பிளீக் ஹவுஸ் முன்னுரையோட கடைசிப் பகுதியில, பழகின விஷயங்களோட ரொமான்டிக் பக்கத்தையே வேணும்னு எழுதினேன்னு அவரே சொல்றார். மேல நான் சொன்ன வேலைப்பிரிவினை ஞாபகம் இருக்கா, அந்த ரெண்டு பங்கையும் ஒரே ஆள் எடுத்துக்கிட்டார். அதே நாவல்ல க்ரூக்னு ஒரு கிழவன் தானா தீப்பிடிச்சு எரிஞ்சு சாம்பலாறான், இப்படியெல்லாம் நடக்காதுனு ஜி.ஹெச். லூயிஸ் பத்திரிகையில சண்டை போட, டிக்கன்ஸ் விடாம பழைய கேஸ்களை எல்லாம் தேடி எடுத்து நடக்கும்னு வாதாடினார். லூயிஸ் யார்னா ஜார்ஜ் எலியட்டோட துணைவர். கோதிக் சம்பவத்துக்கு ரியலிஸ்ட் ஆதாரம் தேடற கூத்து.

மூன்றாம்பெஞ்ச்:

சரி, இப்படிப் பண்றேன். 1800ல கிறிஸ்டபெல் வெளிய போய் மைக்கேல் உள்ள வந்ததுல ஆரம்பிச்சு, நார்த்தேங்கர் ஆபி, வுதரிங் ஹைட்ஸ் ரெண்டையும் விரிவா எழுதி, தெரேஸ் ரக்கேனை கடைசியில ஒரு பாரா. ஃபிராங்கன்ஸ்டைனையும் தொடணும், சிலபஸ்ல இருக்கு. லைப்ரரில 1818, 1831னு ரெண்டு பதிப்பு இருக்கு, எதை எடுக்கறது?

தூசிதட்டி:

உங்க கேள்விக்கு 1818. அதுல விக்டர் அந்த வேலையில இறங்கினதுக்கு அவனே பொறுப்புனு படிக்க இடம் இருக்கு, 1831ல மேரி ஷெல்லி திருத்தும்போது விதி, தலையெழுத்துங்கற பேச்சு கூடிடுச்சு. எலிசபெத்தும் முதல்ல அத்தை மக, பின்னாடி எடுத்து வளர்த்த பொண்ணு ஆயிட்டா, மேற்கோள் போடும்போது ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஆனா வில்லா டியோடாட்டி பேய்க்கதை போட்டி பத்தி மேரி விரிவா சொல்ற முன்னுரை 1831லதான் இருக்கு, அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க.